வாசிக்கத் தெரிந்த பிள்ளை வாசிக்க மாட்டேன் என்கிறாள், என்ன செய்யலாம்?

#1 பொள்ளாச்சி அப்பா

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். மகளுக்கு ஏழு வயது, ரெண்டாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். தமிழ், இங்கிலீஷ் ரெண்டுமே எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவாள், அதில் குறை இல்லை. பள்ளியில் ஒரு வாசிப்பு நோட்டு கொடுத்திருக்கிறார்கள். தினமும் 20 நிமிடம் வாசித்து, எந்தப் புத்தகம், எத்தனை பக்கம் என்று எழுதி அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். ராத்திரி எட்டு மணி ஆனால் எங்கள் வீட்டில் சண்டைதான்.

நான் பக்கத்திலேயே உட்கார்ந்து தப்பு வரும் இடத்தில் திருத்துவேன். நேற்று 'மௌனம்' என்று இருந்ததை 'மெ-ள-னம்' என்று வாசித்தாள். அது ள இல்லைடா கண்ணு, ஔ என்றேன். "ள மாதிரிதானே இருக்கு?" என்றாள். இருக்கத்தான் செய்கிறது. நான் விளக்க ஆரம்பித்ததும் புத்தகத்தை மூடி, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டாள். போன வாரம்தான் இன்னொன்று கவனித்தேன், 16 பக்கப் புத்தகம் ஒன்றையே பதினோரு நாளாக நோட்டில் எழுதியிருக்கிறாள், நானும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன்.

கடலை மடித்து வந்த பேப்பரைக்கூட விடாமல் படித்தவன் நான். என் பிள்ளை இப்படி இருப்பது எனக்கு என்னவோ போல இருக்கிறது. யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

#2 கணக்குப்பிள்ளை

சிம்பிள். ஒரு புத்தகம் முடித்தால் பத்து ரூபாய். என் பையன் ஒரே மாதத்தில் 14 புத்தகம் முடித்தான். லஞ்சம் என்பார்கள், சொல்லட்டும், நமக்கு வேலை ஆனால் சரி. சம்பளம் இல்லாமல் நாம் யாராவது ஆபீஸுக்குப் போகிறோமா?

#3 ரெண்டு வாலு அம்மா

கணக்குப்பிள்ளை சார், நானும் இதைச் செய்து பார்த்தவள்தான். ரூபாய்க்குப் பதிலாக ஸ்டிக்கர், பத்து ஸ்டிக்கர் சேர்ந்தால் ஐஸ்கிரீம். பெரியவன் மூன்றாவது வாரத்திலேயே அலமாரியில் இருப்பதில் எது ஒல்லியான புத்தகம் என்று விரல் வைத்து அளந்து எடுக்க ஆரம்பித்தான். சின்னவள் அதற்கும் மேல், கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு வந்து கையை நீட்டினாள். ஸ்டிக்கர் தீர்ந்ததும் வாசிப்பும் தீர்ந்தது.

1973-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரியில் செய்த ஒரு சோதனை இருக்கிறது, லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்று மூன்று பேர் செய்தது. ஸ்கெட்ச் பேனாவில் வரைவது என்றால் உயிரை விடும் பிள்ளைகளாகப் பார்த்து எடுத்து, ஒரு பகுதியினரிடம் மட்டும் வரைந்தால் சான்றிதழ் தருகிறோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே பேனாக்களைச் சும்மா மேஜையில் வைத்தபோது, சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்ற பிள்ளைகளில் ஏறத்தாழ பாதி நேரம்தான் வரைந்தார்கள். சும்மாவே பிடித்திருந்த ஒன்று கூலி வேலை ஆகிவிட்டது, அவ்வளவுதான். உங்கள் பையன் இப்போது, பத்து ரூபாய் இல்லாமல், எடுத்துப் படிக்கிறானா?

#4 கணக்குப்பிள்ளை

இல்லை. இப்போது இருபது கேட்கிறான்.

#5 டீச்சரம்மா (ஓய்வு)

சிரித்துவிட்டேன். 31 வருடம் தொடக்கப் பள்ளியில் இருந்தவள், நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

பொள்ளாச்சி தம்பி, உங்கள் பெண்ணுக்கு வாசிக்கத் தெரியும் என்கிறீர்கள். எழுத்துக்கூட்டத் தெரியும், அது வேறு இது வேறு. 'த-ங்-க-ம்' என்று கூட்டி 'தங்கம்' என்று சேர்ப்பதற்குள் அதற்கு முன்னால் வந்த நாலு சொல் மறந்து போகும். நம் எழுத்தில் 247 இருக்கிறது என்று பயமுறுத்துவார்கள், எண்ணிக்கைகூட அவ்வளவு தொல்லை இல்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். 'கொ' என்றால் க-வுக்கு ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். ஒரே 'க' 'பக்கம்' என்பதில் ஒரு மாதிரி, 'தங்கம்' என்பதில் ஒரு மாதிரி, 'அகம்' என்பதில் இன்னொரு மாதிரி. ஔகாரக் குறியைப் பார்த்து ள என்று சொன்னாளே, கண்ணை வைத்துப் பார்த்திருக்கிறாள் என்று அர்த்தம். நான் வகுப்பில் இருந்திருந்தால் அதற்கு ஒரு சபாஷ் போட்டிருப்பேன்.

பிள்ளை இவ்வளவு பாரம் தூக்கும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு தப்புக்கும் 'ம்ஹும்' என்றால் அதற்குப் புத்தகம் என்பதே பரீட்சை ஹால் ஆகிவிடும். ராத்திரி நேரத்தில் அவளை வாசிக்கச் சொல்லாதீர்கள். நீங்கள் வாசியுங்கள், அவள் கேட்கட்டும். ஏழு வயதுக்கு இன்னும் மடியில் படுத்துக் கதை கேட்கும் வயதுதான், வாசிக்கத் தெரிந்துவிட்டது என்பதால் அதை நாம்தான் அவசரப்பட்டு நிறுத்திவிடுகிறோம். காதால் ஐம்பது கதை கேட்ட பிள்ளைக்கு அடுத்த வரியில் என்ன வரும் என்று ஊகம் இருக்கும், அந்த ஊகம்தான் எழுத்துக்கூட்டுவதில் பாதிச் சுமையைத் தூக்கிவிடும்.

அப்புறம், முடித்ததும் 'இந்தக் கதையின் நீதி என்ன?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நானே எத்தனை பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

#6 ரெண்டு வாலு அம்மா

டீச்சர், ஒரு சந்தேகம். வாசித்துக் காட்டும்போது புத்தகத்தில் இருக்கிறபடியே வாசிக்க வேண்டுமா? 'நரி விரைந்து சென்றது' என்று வாசித்தால் என் சின்னவள் என்னைச் செய்தி வாசிப்பவர் மாதிரி பார்க்கிறாள். நான் பார்த்துக்கொண்டே 'நரி வேகமா ஓடிப்போச்சாம்' என்று மாற்றிவிடுகிறேன். வீட்டுக்காரர் அது தப்பு என்கிறார்.

என்னைக் கேட்டால் தமிழில் குழந்தைகள் புத்தகம் விற்காததற்குக் காரணமே இதுதான். பிள்ளை பேசுவது ஒரு தமிழ், புத்தகத்தில் இருப்பது இன்னொரு தமிழ். பேசுகிறபடியே அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

#7 டொராண்டோ சித்தி

குறைந்துவிடும் அக்கா. எங்கட ஊர் யாழ்ப்பாணம், இப்ப இருப்பது டொராண்டோவில். தமிழ்நாட்டில் இருந்து வாங்கின ஒரு படக்கதைப் புத்தகம் முழுக்கப் பேச்சுத் தமிழில் இருந்தது. 'போயிட்டான்', 'பண்ணிட்டான்' என்று ஒவ்வொரு பக்கத்திலும். எங்கட வீட்டில் 'போட்டான்' என்றால்தான் போய்விட்டான். மகனுக்கு அந்தப் புத்தகத்தை நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டி வந்தது, தமிழில் இருந்து தமிழுக்கு! 'சென்றான்' என்று இருந்திருந்தால் ரெண்டு வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே அளவு தூரம். எழுத்துத் தமிழ் ஒருவருடைய வீட்டுத் தமிழும் இல்லை, அதனால்தான் எல்லாருக்கும் பொது. யாருடைய பேச்சை அச்சடிப்பது, சென்னையா, மதுரையா, மட்டக்களப்பா?

#8 டீச்சரம்மா (ஓய்வு)

சித்தி சொல்வதுதான் என் கட்சியும். ஆனால் வாலு அம்மா செய்வதையும் தப்பு என்று சொல்ல மாட்டேன். முதல் தடவை உங்கள் பேச்சிலேயே சொல்லுங்கள், கதை பிடிபடட்டும். ரெண்டாவது தடவை கதை நடப்பதைப் பேச்சிலும், கதையில் வரும் நரியும் காக்காயும் பேசுவதை அச்சில் உள்ளபடியும் வாசியுங்கள். நாலாவது ஐந்தாவது தடவை முழுதும் அச்சில் உள்ளபடி. பிள்ளைகள் ஒரே கதையை எப்படியும் இருபது தடவை கேட்கும், ஆகவே தடவைக்குப் பஞ்சமே இல்லை. 'விரைந்து' என்றால் என்ன என்று கேட்டால் நரி ஓடுகிற படத்தைக் காட்டினால் போதும். அப்புறம் பாருங்கள், சோற்றைச் சீக்கிரம் சாப்பிடு என்றால் 'விரைந்து சாப்பிடுகிறேன்' என்று உங்களுக்கே நாடகம் போடும்.

#9 கிளைநூலகர்

மாவட்டம், ஊர் எல்லாம் சொல்லவில்லை, ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு விஷயம் எல்லாரும் விட்டுவிட்டீர்கள், அந்தப் பிள்ளையின் புத்தகத்தை யார் எடுத்தது?

எங்கள் நூலகத்துக்கு வரும் அப்பா அம்மாக்களைத் தினமும் பார்க்கிறேன். பிள்ளை ஒன்றை எடுக்கும். "இது பாப்பா புக்கு, உனக்கு வயசு என்ன?" என்று பிடுங்கி வைத்துவிட்டு, தலைவர்கள் வரலாறு, பொது அறிவு என்று ஒன்றைக் கையில் திணிப்பார்கள். அப்புறம் என்னிடம் வந்து, சார் இவன் படிக்கவே மாட்டேங்கிறான் என்பார்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே நூலகத்துக்கு ஐந்து விதி எழுதிவைத்தார், ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்று அதில் ரெண்டு. 'அவருடைய அப்பாவின் நூல்' என்று அவர் சொல்லவில்லை. (அதே வருடம்தான் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போனார்கள். மாட்டுவண்டிக்கு எந்தப் பிள்ளை ஓடி வராமல் இருக்கும்!)

எங்கள் தப்பையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் புத்தகம் பெரும்பாலும் 16 பக்கம், 24 பக்கம், நடுவில் பின் அடித்தது. அதற்கு முதுகே கிடையாது. அதைப் பெரியவர்கள் நாவல் மாதிரி அலமாரியில் செங்குத்தாக அடுக்கினால் எதுவும் தெரியாது, காகிதக் கட்டு மாதிரி இருக்கும். பல வருடம் நானும் அப்படித்தான் அடுக்கிவைத்திருந்தேன், அதுவும் என் கண் உயரத்தில். ஒருநாள் கீழ் ரெண்டு தட்டைக் காலி செய்து, சுவரில் நைலான் கயிறு கட்டி, துணி காயப்போடுவது மாதிரி அட்டை வெளியே தெரிய மாட்டிவிட்டேன். இரவல் பதிவேட்டில் குழந்தைகள் பக்கம் அதற்கு அப்புறம்தான் நிறைய ஆரம்பித்தது. வீட்டிலும் இதைச் செய்யலாம், செலவு ஒரு கயிறும் பத்து கிளிப்பும். இன்னொரு பாவம், முத்திரை குத்துகிறேன் என்று புலி முகத்து மேலேயே ஊதா மையை வைத்திருக்கிறேன். ஒரு சிறுமி அதைக் காட்டி "புலிக்கு அடிபட்டிருச்சா?" என்று கேட்ட பிறகு கடைசிப் பக்கத்தில் மட்டும் குத்துகிறேன்.

பிள்ளையைக் கூட்டிப்போய் உறுப்பினர் ஆக்குங்கள், அட்டையை அவள் கையிலேயே கொடுங்கள். நமக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்றைக்கு வந்து பூட்டைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள், 1948 சட்டப்படி. கட்டின காசுக்காவது வாருங்கள். சென்னைப் பக்கம் இருப்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரைக்காரர்கள் 2023-ல் திறந்த கலைஞர் நூலகத்திலும் குழந்தைகள் பிரிவுக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள், தரையில் உட்கார்ந்து படிக்கலாம்.

#10 ஐடி மாமா

எல்லாம் சரி, ஊரில் நூலகம் இல்லாதவர்கள் என்ன செய்வது? பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் என்று ஒரு தளம் இருக்கிறது, 2015-ல் இருந்து. தமிழில் நிறையப் படக்கதைகள், நிலை வாரியாகப் பிரித்து, இலவசமாக. மொபைலிலேயே வாசிக்கலாம். புத்தகம் வாங்கியே ஆக வேண்டும் என்று ஏன் சொல்கிறீர்கள் என்று புரியவில்லை.

#11 ரெண்டு வாலு அம்மா

தளம் நல்ல தளம், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் மொபைலில் வேண்டாம் மாமா. நரி குளத்தைப் பார்க்கும் இடத்தில் மேலே ஒரு மெசேஜ் வந்து விழுகிறது, பிள்ளை அதைத் தட்டுகிறது, அங்கேயே நரி கதை முடிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது, ரெண்டு முதல் நாலு வயதுக்குத் திரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் நல்லது என்று. அந்த ஒரு மணி நேரம் கார்ட்டூனுக்கே பத்தவில்லை, கதைக்கு எங்கே போவது? அந்தத் தளத்தில் தரவிறக்கி அச்சடித்துக்கொள்ள அனுமதி உண்டு. ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் போட்டு நடுவில் பின் அடித்துக் கொடுத்தேன், சின்னவள் வண்ணம் அடித்துக்கொண்டே படித்தாள். நரிக்குப் பச்சை. அந்தப் புத்தகத்தை மட்டும் அண்ணன் தொடக் கூடாது.

#12 சிறப்புக் கல்வியாளர்

குறுக்கே ஒரு சின்ன எச்சரிக்கை. புத்தகத்தைத் தவிர்க்கும் எல்லாப் பிள்ளைக்கும் காரணம் சலிப்பு இல்லை. முதலில் கண் பரிசோதனை. அப்புறம், வரியைத் தாண்டிவிடுவது, நேற்று வாசித்த அதே சொல்லை இன்று புதுச் சொல் மாதிரி பார்ப்பது, வாயால் அழகாகக் கதை சொல்லும் பிள்ளை எழுத்தில் மட்டும் ஒத்த வயதுப் பிள்ளைகளைவிட மிகவும் பின்தங்குவது, இவை மாதக்கணக்கில் தொடர்ந்தால் டிஸ்லெக்சியா என்ற வாசிப்புச் சிரமமா என்று பார்க்க வேண்டும். அது புத்திக் குறைவு இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. இங்கே எழுதியதை வைத்து யாருக்கும் முத்திரை குத்த முடியாது, நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் மாதிரி அமைப்புகள் இருக்கின்றன, கேட்டுப் பார்க்கலாம்.

#13 கணக்குப்பிள்ளை

என் பையனுக்கு அதெல்லாம் இல்லை, காசு விஷயத்தில் மட்டும் ஒரு எழுத்து விடாமல் படிக்கிறான். சரி, தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். இருபது ரூபாயை நிறுத்தினால் சண்டை வருமே, அதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

#14 டீச்சரம்மா (ஓய்வு)

அந்தக் காசைப் புத்தகமாகக் கொடுங்கள். கோவையில் ஜூலையில் கொடிசியாவில் புத்தகத் திருவிழா நடக்கும், இருநூறு ரூபாயை மொத்தமாகக் கையில் கொடுத்து நீயே வாங்கிக்கொள் என்று விட்டுவிடுங்கள். நேஷனல் புக் டிரஸ்ட் கடை மாதிரி இடத்தில் அதற்கு நாலைந்தாவது தேறும். அவன் டைனோசர் ஸ்டிக்கர் புத்தகம் வாங்கினாலும் வாய் திறக்கக் கூடாது. அதுதான் கஷ்டம், உங்களுக்கு.

#15 பொள்ளாச்சி அப்பா (மூன்று வாரம் கழித்து)

எல்லாருக்கும் பதில் போடாமல் இருந்ததற்கு மன்னிக்கவும், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வகுப்பு ஆசிரியையைப் பார்த்தேன். பதினோரு நாள் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, நீங்கள் வாசித்துக் காட்டியதையும் எழுதலாம் சார், நாங்கள் சொல்லாமல் விட்டுவிட்டோம் என்றார். அன்றைக்கு ராத்திரியிலிருந்து நான் வாசிக்கிறேன். முதல் ரெண்டு நாள் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தாள். மூன்றாவது நாள் நான் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டேன், தூக்கக் கலக்கம். "அப்பா, நடுவுல கரடி வரும், விட்டுட்டீங்க" என்றாள். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். திருத்துவது இப்போது அவள் முறை. கண்ணையும் காட்டிவிட்டோம், குறை ஒன்றும் இல்லை.

நிஜமான திருப்பம் என்னால் வரவில்லை. ஆனைமலையில் மாமனார் வீடு, போன ஞாயிறு போயிருந்தோம். பரணில் இருந்து அவர் ஒரு பைண்டு எடுத்துப் போட்டார், 1974, 75-ல் வந்த சிறுவர் மாத இதழ்கள், ஊசிநூல் போட்டுத் தைத்தது, வேப்பிலை வாசம். அதில் ஒரு யானைக் கதை. இவள் தலைப்பைப் பார்த்துவிட்டு "தாத்தா, இதுல எழுத்துக்குத் தும்பிக்கை இருக்கு!" என்று கத்தினாள். பழைய 'னை' தெரியுமில்லையா, முன்னால் கொம்பு போடாமல் எழுத்துக்கே ஒரு சுருள் வளைந்து நிற்குமே, அது. யானை என்ற சொல்லிலேயே யானைக்குத் தும்பிக்கை! இத்தனை வருடம் பார்த்த எனக்கு இது தோன்றவே இல்லை.

அப்புறம் அன்றைக்கு முழுதும் வேட்டைதான். மலைக்கு ஒன்று, தலைக்கு ஒன்று, தவளைக்கு ஒன்று. ஆனைமலைக்கு ரெண்டு! வீட்டு வாசலில் இருக்கும் பலகையில் 'ஆனைமலை' என்று புது எழுத்தில் எழுதியிருப்பது தப்பு என்று தாத்தாவிடம் புகார். வால்பாறைக்கு மட்டும் ஏன் தும்பிக்கை இல்லை என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. டீச்சர்தான் சொல்ல வேண்டும்.

#16 டீச்சரம்மா (ஓய்வு)

படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன் தம்பி!

ஐகாரத்தில் ண, ன, ல, ள என்ற நாலுக்குத்தான் தும்பிக்கை, ற-வுக்குக் கிடையாது. ஆனால் பாப்பாவிடம் சொல்லுங்கள், ற-வுக்குத் துணைக்கால் சேரும்போது வேறு ஒரு வடிவம் இருந்தது. பழைய புத்தகத்தில் 'றா', 'ணா', 'னா' மூன்றும் எப்படி இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள், ஒகர ஓகாரத்திலும் அதே மூன்றுக்கு அப்படித்தான். ஆக மொத்தம் 13 எழுத்து. பெரியார் 1935-லேயே தன் குடி அரசு இதழில் இதையெல்லாம் எளிமையாக்கி அச்சிட ஆரம்பித்தார், அரசாணை வந்தது 1978-ல், எம்.ஜி.ஆர் ஆட்சியில். சீர்திருத்தம் வந்தது நல்லதுதான், என் வகுப்புப் பிள்ளைகளுக்கு 13 தலைவலி குறைந்தது. ஆனால் ஒரு யானைக்குத் தும்பிக்கை போனது இன்றைக்குத்தான் எனக்கு உறைக்கிறது.

#17 பொள்ளாச்சி அப்பா

சொல்லிவிட்டேன் டீச்சர். பதின்மூன்றில் ஒன்பது கண்டுபிடித்துவிட்டாள், பட்டியல் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறது. தேடுகிற சாக்கில் நடுவில் உள்ள கதையையும் படித்துவிடுகிறாள், தாத்தாவுக்குப் போன் போட்டுச் சொல்கிறாள். சில நாள் ஒன்றுமே படிப்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன், நேற்று முழுக்க சைக்கிள்தான்.

நோட்டை இப்போது அவளே நிரப்புகிறாள். முந்தாநாள் எழுதியிருந்தது: புத்தகம், தாத்தாவுது. பக்கம், பாதி. கையெழுத்துப் போட்டுவிட்டேன், இந்தத் தடவை படித்துப் பார்த்துவிட்டு.

#18 கணக்குப்பிள்ளை

அந்த மாதிரி பைண்டு எங்கே கிடைக்கும்? என் பையனுக்கு இந்தத் தும்பிக்கைக் கதையைச் சொன்னேன், எனக்கும் வேண்டும் என்கிறான். காசு கேட்கவில்லை, ஆச்சரியம்.

#19 கிளைநூலகர்

கோவை உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் பாருங்கள் சார். 1978-க்கு முந்தையது வேண்டும் என்று வாயைத் திறந்து கேட்காதீர்கள், விலையை ஏற்றிவிடுவார்கள். சும்மா புரட்டி, 'யானை' எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.